கருவி வந்தது, கைக்கு வந்ததா?

மாலை நான்கு மணி ஷிப்டுக்கு அப்பன் ஆலைக்குப் புறப்படுகிறான். சட்டைப்பையிலே கைப்பேசி. ஆலை வாயிலிலே அதை வாங்கிப் பெட்டியில் வைத்துப் பூட்டுகிறார்கள். ஐந்து மணிக்குப் பள்ளிக்கூடத்திலிருந்து வாட்ஸ்அப் குழுவிலே வீட்டுப்பாடம் வந்து விழுகிறது. கணக்கு ஐந்து, அறிவியல் படம் ஒன்று. பூட்டிய பெட்டிக்குள் ஒருமுறை மணி ஒலிக்கிறது, கேட்க ஆளில்லை. நள்ளிரவு கடந்து அப்பன் வீடு திரும்பும்போது, எட்டாம் வகுப்பு படிக்கும் மகள் பாயிலே சுருண்டு தூங்குகிறாள். காலையில் வகுப்பிலே எழுந்து நிற்கிறாள்.

"ஏன் எழுதவில்லை?"

"போன் இல்லீங்க டீச்சர்."

"பொய் சொல்லாதே! உன் வீட்டு எண் குழுவிலே இருக்கிறதே!"

டீச்சர் சொன்னது பொய்யல்ல. பிள்ளை சொன்னதும் பொய்யல்ல. வீட்டிலே போன் இருக்கிறது; பிள்ளையிடம் இல்லை. வீட்டுக்கு வந்த கருவி, வீட்டிலுள்ள எல்லோர் கைக்கும் வந்துவிட்டதாகக் கணக்கு எழுதுகிறோமே, அந்தக் கணக்கைத்தான் இன்று புரட்டிப் பார்க்க விரும்புகிறோம், தோழர்களே!

புள்ளிவிவரமும் இதையேதான் பேசுகிறது. நாட்டின் கிராமப்புறங்களிலே நடத்தப்பட்டு 2025 ஜனவரியில் வெளியான 'அசர்' கல்வி ஆய்வு, 14 முதல் 16 வயது வரையுள்ள பிள்ளைகளின் வீடுகளில் பத்துக்கு ஒன்பதில் ஸ்மார்ட்போன் இருக்கிறது என்கிறது. கேட்கவே இனிக்கிறது! ஆனால் அதே அறிக்கையின் இன்னொரு வரியையும் படியுங்கள். பயன்படுத்தத் தெரிந்த பிள்ளைகளில், தனக்கென்று ஒன்று வைத்திருப்போர் ஆண் பிள்ளைகளில் நூற்றுக்கு 36 பேர். பெண் பிள்ளைகளில் நூற்றுக்கு 27 பேர். வயது வந்தவர் கதையும் இதுதான். 2019 முதல் 2021 வரை நடந்த தேசியக் குடும்பநல ஆய்விலே, இணையத்தை ஒருமுறையேனும் பயன்படுத்திய ஆண்கள் நாட்டிலே நூற்றுக்கு 57, பெண்கள் 33. தமிழ்நாட்டிலே நிலைமை மேல், ஐயமில்லை. ஆயினும் இங்கேயும் ஆண்களில் பத்துக்கு ஏழு பேர் என்றால், பெண்களில் பாதிக்கும் குறைவு. மேலான மாநிலம் என்று மார்தட்டும் இடத்திலேயே இந்த இடைவெளி!

கருவிகளைப் பற்றி நாட்டிலே இரண்டு பஜனை நடக்கிறது. 'கருவி வந்தது, கல்வி வந்தது, சமத்துவம் வந்தது' என்பது ஒரு கோஷ்டி. 'கலி முற்றிவிட்டது, குடும்பம் கெட்டது, பிள்ளைகள் கெட்டார்கள்' என்பது மறு கோஷ்டி. முதல் கோஷ்டியின் மேளம் கம்பெனிக்காரன் கையிலே. இரண்டாவது கோஷ்டியின் தாளம் பழமை பேசுவோர் கையிலே. இரண்டு பேரும் கேட்க மறுக்கும் கேள்வி ஒன்றே: யார் கையிலே இருக்கிறது?

கருவிக்கு நாம் பகையல்ல. பையிலே வைத்துக்கொள்ளும் பேசுங்கருவியும், முகம் பார்த்துப் பேசும் வசதியும், தொலைவிலிருந்தபடியே பாடம் நடத்தும் முறையும் வரும் என்று 1940-களிலேயே 'இனிவரும் உலகம்' எழுதி வைத்தவர் பெரியார். ஆனால் அவர் கண்ட அந்த உலகத்திலே கருவி மட்டும் மாறவில்லை. ஆணும் பெண்ணும் வாழும் முறையே மாறியிருந்தது. நமக்கு வந்த பார்சலிலே கருவி இருக்கிறது. மற்றது விடுபட்டுப் போயிற்று!

அடுப்படிக்கு வாருங்கள், அங்கே பழைய சாட்சி ஒன்று மூலையிலே கிடக்கிறது. ஆட்டுக்கல்! ஒரு படி அரிசியும் உளுந்தும் அரைத்து எடுப்பதற்குள் குழவியைச் சுற்றிய கை மரத்துப்போகும். தோள் கழன்று விழுவதுபோல் இருக்கும். ஆட்டுக்கல் மாவின் ருசியைப் பற்றி உருகுகிற ஆண்கள் பலரைக் கண்டிருக்கிறோம். அவர்களில் ஒருவரைக்கூட அந்தக் கல்லின் முன்னே கண்டதில்லை. 1955-இல் கோவையைச் சேர்ந்த சபாபதி மின்சாரத்தால் சுழலும் மாவரைக்கும் கிரைண்டரைச் செய்து கொடுத்தார். இன்று கோவை கிரைண்டர் புவிசார் குறியீடு பெற்ற பொருள். 2006 முதல் வண்ணத் தொலைக்காட்சியும், 2011 முதல் மிக்ஸியும் கிரைண்டரும் மின்விசிறியும் அரசின் கையால் குடிசை வரை வந்தன. எதை எந்த ஆட்சி கொடுத்தது என்ற வழக்கைத் தேர்தல் மேடைக்கு விட்டுவிடுவோம். வந்தது, தோள் பிழைத்தது. அது சிறு காரியமல்ல.

ஆனால் தோள் பிழைத்தவளின் பொழுது பிழைத்ததா? மத்திய அரசின் நேரப் பயன்பாட்டு ஆய்வு 2019-இல் நடந்தது. 2024-இல் மீண்டும் நடந்தது. கூலியில்லாத வீட்டு வேலையிலே ஈடுபடும் பெண் 2019-இல் நாளொன்றுக்கு 299 நிமிடம் உழைத்தாள். ஈடுபடும் ஆண் 97 நிமிடம். 'ஈடுபடும் ஆண்' என்பதைக் கவனியுங்கள். அப்படி ஈடுபட்டவர்களே நூற்றுக்கு 26 பேர்தாம்! ஐந்தாண்டு கழிந்தது. பெண்ணின் 299 நிமிடம் 289 ஆயிற்று. பத்து நிமிடம் மிச்சம்! ஆணுக்கு? 97 நிமிடம் 88 ஆயிற்று. அவனுக்கும் ஒன்பது நிமிடம் மிச்சம். ஐந்து மணி நேரத்துக்குப் பக்கத்திலே உழைப்பவளுக்கும், ஒன்றரை மணி நேரம் உழைப்பவனுக்கும் ஏறக்குறைய ஒரே அளவு ஓய்வு கூட்டிக் கொடுத்த நீதியை எந்தத் தராசிலே நிறுப்பது?

இயந்திரம் வந்தும் வேலை ஏன் குறையவில்லை என்று கேட்பீர்கள். ஆட்டுக்கல் காலத்திலே, ஏழை வீட்டிலே இட்லி என்பது தீபாவளிக்கும் பொங்கலுக்கும் எட்டிப்பார்க்கும் விருந்தாளி. கிரைண்டர் வந்தபின் அது அன்றாடம் வந்து உட்காரும் உறவினர். மாவு அரைக்கும் நேரம் குறைந்தது. மாவு அரைக்கும் நாட்கள் கூடின. துணி துவைக்கும் இயந்திரம் வந்த வீட்டிலே ஒருமுறை உடுத்திய சட்டை மறுமுறை தோளேறுவதில்லை. அப்படியும் தப்பிப் பிழைத்த ஒரு மணி நேரத்தைத் திருப்பூரிலே பனியன் மூட்டை வந்து பிடித்துக்கொள்கிறது. திண்ணையிலே உட்கார்ந்து, உருப்படிக்கு இத்தனை காசு என்று பிசிறு வெட்டுகிறாள். இயந்திரம் விடுவித்த நேரத்தை யார் எடுத்துக்கொள்வது என்பதை இயந்திரம் தீர்மானிப்பதில்லை, வீடு தீர்மானிக்கிறது. கிரைண்டரின் பொத்தானை அழுத்த ஆண்பிள்ளையின் விரலுக்கு வலிமை போதாது என்று எந்த மருத்துவரும் சொன்னதில்லை.

இனி, குடும்பத்தின் பேச்சு. 'அந்தக் காலத்திலே குடும்பம் கூடி உட்கார்ந்து பேசிற்று. இன்றைக்கு ஆளுக்கொரு திரையைப் பார்த்துக்கொண்டு ஊமையாகிவிட்டது' என்று ஒரு ஒப்பாரி கேட்கிறோம். கேட்கிறவர்களை நாம் திருப்பிக் கேட்கிறோம்: எந்தக் காலத்திலே, எந்த வீட்டிலே, யார் பேசினார்கள்? அப்பன் உண்ணும்போது பிள்ளை வாய் திறக்கக்கூடாது. மாமனார் திண்ணையில் இருந்தால் மருமகள் குரல் நடைவாசலைத் தாண்டக்கூடாது. மனைவி கணவனின் பெயரைச் சொல்லக்கூடாது. இதற்குப் பெயர் உரையாடலா? ஒருவர் பேச ஒன்பது பேர் கேட்ட காலத்தைக் குடும்பம் கூடிப் பேசிய காலம் என்று கொண்டாட நாம் தயாராயில்லை.

கடிதத்தை எடுத்துக்கொள்ளுங்கள். மகன் சிங்கப்பூரிலோ வளைகுடாவிலோ உழைக்கிறான். எழுதப் படிக்கத் தெரியாத தாய், தபால்காரரைக் கும்பிட்டு, "கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க தம்பி" என்பாள். பதில் எழுத அடுத்த வீட்டுப் பள்ளிப் பிள்ளை வேண்டும். தபால்காரர் படித்தால் ஊர் கேட்கும். அடுத்த வீட்டுப் பிள்ளை எழுதினால் தெரு அறியும். ஆகவே அவள் சொல்லி எழுத வைத்தது ஒன்றே: "இங்கு யாவரும் நலம்." கூரை ஒழுகிற்று, நலம். கடன்காரன் வாசலிலே நின்றான், நலம். புருஷன் குடித்துவிட்டு அடித்தான், அதுவும் நலம்! பின்னாளிலே வளைகுடாவிலிருந்து கேசட்டிலே குரலைப் பதிந்து அனுப்பினார்கள். தெருவே கூடிக் கேட்டது. அங்கேயும் ரகசியத்துக்கு இடமில்லை. தந்தியோ, வந்தாலே வீடு அலறும். பிரித்துப் படிப்பதற்கு முன்பே ஒப்பாரி எழும். 2013 ஜூலையில் அந்தச் சேவை நின்றது.

1995 ஜூலை 31-ஆம் நாள், மேற்கு வங்க முதல்வர் ஜோதிபாசு கல்கத்தாவிலிருந்து டில்லிக்குப் பேசியது நாட்டின் முதல் கைப்பேசி அழைப்பு. அந்நாளிலே அது சீமான்களின் காதணி. கூப்பிடுகிறவனும் காசு கொடுக்க வேண்டும். கேட்கிறவனும் காசு கொடுக்க வேண்டும்! 2003-க்குப் பிறகுதான் கேட்கிறவன் தப்பினான். ஏழை அப்போதும் தோற்கவில்லை. மிஸ்டுகால் என்றொரு தந்திமொழியைத் தானே உண்டாக்கினான். ஒரு மணி அடித்தால் 'சேர்ந்துவிட்டேன்'. இரண்டு மணி அடித்தால் 'கூப்பிடு'. காசில்லாத அறிவு செய்த அந்தச் சூழ்ச்சியை எந்தப் பல்கலைக்கழகமும் பாராட்டிப் பட்டம் கொடுக்கவில்லை!

இன்று அந்தத் தாய், விரலால் ஒரு படத்தை அழுத்தி வாயால் பேசி அனுப்புகிறாள். எழுத்தறியாதவள் முதன்முதலாகத் தபால்காரர் இல்லாமல், அடுத்த வீட்டுப் பிள்ளை இல்லாமல், தன் மகனிடம் தன் துயரைத் தன் குரலிலே சொல்கிறாள். பீகாரிலிருந்து திருப்பூருக்கு வந்த தொழிலாளி, இரவு பத்து மணிக்கு அறை வாசலிலே உட்கார்ந்து, தவழும் குழந்தையின் முகத்தைத் திரையிலே பார்க்கிறான். இதைக் கெட்டுப்போன காலம் என்று சொல்ல நம் நா எழாது. அந்தக் குழந்தையைத் தூக்க அவனுக்கு விடுமுறை இல்லையே என்பதுதான் நம் வழக்கு; திரையின் மீதல்ல.

மகளிடம் மட்டும் இந்தக் கருவி ஏன் தயங்கித் தயங்கிப் போகிறது? 'கெட்டுப்போவாள்' என்கிறார்கள். உடைத்துச் சொல்வோம். கெட்டுப்போவாள் என்றால் என்ன பொருள்? தானாக ஒருவனைத் தேர்ந்துவிடுவாள். அவன் நம் சாதியல்லாதவனாக இருந்துவிடுவான் என்று பொருள்! 2016-இல் குஜராத்திலே, மெஹ்சாணா மாவட்டத்துச் சூரஜ் என்ற ஊரிலே, மணமாகாத பெண் கைப்பேசி வைத்திருந்தால் 2,100 ரூபாய் அபராதம் என்று ஊர்க்கட்டுப்பாடு போட்டார்கள். வடநாட்டுப் பத்தாம்பசலிகள் என்று நாம் சிரித்தோம். நம் மேற்கு மாவட்டங்களில், நூற்பாலை விடுதிகளிலே தங்கி வேலை செய்த இளம்பெண்களுக்குக் கைப்பேசி மறுக்கப்பட்டதைப் பல ஆய்வறிக்கைகள் எழுதின. அப்போது சிரிப்பு எங்கே போயிற்று? அங்கே ஊர்ப் பஞ்சாயத்து செய்ததை இங்கே முதலாளி செய்தான். முதலாளி செய்தபோது கொதித்த தோழர், அதையே தன் வீட்டிலே செய்கிறாரா இல்லையா என்று நாம் கேட்கவில்லை. அவர் மகள் கேட்பாள்.

இந்த வேற்றுமை பள்ளிக்கூடத்துக்குள் நுழைந்தபோதுதான் இடி விழுந்தது. 2020 மார்ச்சிலே கொரோனாவால் அடைத்த பள்ளிக் கதவு, ஒன்று முதல் எட்டாம் வகுப்பு வரையுள்ள பிள்ளைகளுக்குத் தமிழ்நாட்டிலே 2021 நவம்பர் 1-ஆம் நாள்தான் திறந்தது. பத்தொன்பது மாதம்! மாடிவீட்டுப் பிள்ளைக்கு மடிக்கணினியிலே வகுப்பு. அரசுப் பள்ளிப் பிள்ளைக்குக் கல்வித் தொலைக்காட்சி. 2019 ஆகஸ்டிலேயே தொடங்கப்பட்டிருந்த அந்த அலைவரிசை ஆபத்துக்குக் கை கொடுத்தது, மறுக்கவில்லை. ஆனால் தொலைக்காட்சியிடம் சந்தேகம் கேட்க முடியுமா? போனிலே பாடம் என்றபோது, ஒரு போனும் மூன்று பிள்ளைகளும் உள்ள வீட்டிலே வரிசை எப்படி நின்றது? அண்ணனுக்குப் பொதுத்தேர்வு, அவன் முதல். தம்பி அழுவான், அவன் இரண்டாவது. அக்காளுக்கு அடுப்படி இருக்கவே இருக்கிறது! கதவு திறந்தபோது சில பையன்கள் பனியன் கம்பெனியிலிருந்து திரும்பவில்லை. சில பெண்கள் மணமேடையிலிருந்து திரும்பவில்லை.

அந்த இழப்பை ஈடுகட்ட 2021 அக்டோபரிலே 'இல்லம் தேடிக் கல்வி' தொடங்கியபோது, பிள்ளைகளைத் தேடிப்போனது எது? திரையல்ல, ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள். பெரும்பாலோர் பெண்கள். தெருவிளக்கின் கீழும் கோயில் திண்ணையிலும் பிள்ளைகளை உட்காரவைத்துச் சொல்லிக் கொடுத்தார்கள். மறுபுறம், பெற்றோரைத் தவணைக் கடனிலே மாட்டிவிட்டுச் செயலிப் பாடம் விற்ற வணிகத்தின் கதி என்ன? 2022-இல் 2,200 கோடி டாலர் மதிப்பு என்று கொண்டாடப்பட்ட பைஜூஸ் நிறுவனம், 2024-இல் திவால் நடவடிக்கைக்குப் போயிற்று.

இப்போது ஆஸ்திரேலியாவைக் காட்டிப் பேசுகிறார்கள். 2025 டிசம்பர் 10 முதல், பதினாறு வயதுக்குட்பட்டோர் சமூக ஊடகக் கணக்கு வைத்திருக்க அந்த நாட்டிலே தடை. கம்பெனிகளின் மீது போட்ட கட்டுப்பாடு அது. மீறினால் அபராதம் கம்பெனிக்கு, பிள்ளைக்கல்ல. நம் வீடுகளில் 'தடை' என்ற சொல் நுழைந்தால் முதலில் யார் கையிலிருந்து பிடுங்கப்படும் என்பதை விளக்க வேண்டியதில்லை.

கருவி பெண் கைக்கே நேரே போனால் என்ன நடக்கும் என்பதையும் இந்த மண் கண்டிருக்கிறது. 1990-களின் தொடக்கத்திலே புதுக்கோட்டை மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் எழுத்தறிவோடு சைக்கிளையும் சேர்த்துக் கற்பித்தது. நினைத்துப் பாருங்கள்! பெண் சைக்கிள் ஏறினால் ஊர் கைகொட்டிச் சிரித்த காலம். பல்லாயிரம் பெண்கள் ஏறினார்கள். விவசாயக் கூலிகள், கல் உடைக்கும் பெண்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள். பெண்களுக்கான சைக்கிள் கடையிலே தீர்ந்துபோயிற்று. குறுக்குக்கம்பி போட்ட ஆண்கள் சைக்கிளையே வாங்கி ஓட்டினார்கள். அந்தக் கம்பியிலே பிள்ளை, பின்னாலே தண்ணீர்க்குடம்! பஸ்ஸுக்குக் காத்துக் கிடந்த நேரம் மிச்சமாயிற்று. அண்ணனையோ கணவனையோ கெஞ்சும் அவமானம் மிச்சமாயிற்று. இத்தனைக்கும் சைக்கிள் என்ன புதுக் கருவியா? அந்த ஊர்களிலே பல ஆண்டுகளாகத் திண்ணையிலே சாய்ந்து நின்றதுதான். ஓட்டியவர் மாறினார், அவ்வளவே!

2011-இல் தொடங்கிய மடிக்கணினித் திட்டத்தின் சிறப்பும் அதுவே. குடும்ப அட்டைக்கு ஒன்று என்று கொடுக்காமல், மேல்நிலைப்பள்ளி மாணவிக்கு அவள் பேரிலே, அவள் கையிலே கொடுத்தார்கள். 'அண்ணனுக்குக் கொடு' என்று வீடு சொன்னாலும், 'என்னுடையது' என்று சொல்ல அவளுக்கு ஒரு சீட்டு இருந்தது.

ஆகவே தோழர்கள் செய்ய வேண்டிய வேலை இருக்கிறது. சங்கக் கூட்டத்திலே போனஸ் தீர்மானம் முடிந்ததும் கலைந்துவிடாதீர்கள். பள்ளி மேலாண்மைக் குழுவிலே பெற்றோர் இருக்கிறார்கள். அந்தக் கூட்டத்துக்குப் போங்கள். வீட்டுப்பாடம் கரும்பலகையிலே எழுதப்பட்டுப் பிள்ளையின் நோட்டிலே ஏறிய பிறகுதான் பள்ளி விட வேண்டும். போனிலே வருவது அதன் நகலாக மட்டும் இருக்கட்டும் என்று கேளுங்கள். 2018 முதல் நம் பாடநூலிலேயே கட்டம் போட்ட குறியீடு அச்சாகிறது. போனைக் காட்டினால்தான் அது பேசும். போன் இல்லாத பிள்ளைக்கு அதைப் பள்ளியிலே போட்டுக் காட்ட நேரம் ஒதுக்கச் சொல்லுங்கள். குழுவிலே ஷிப்டுக்குப் போகும் உங்கள் எண்ணை எடுத்துவிட்டு, வீட்டிலிருக்கும் தாயின் எண்ணைச் சேர்க்கச் சொல்லுங்கள். தாயிடம் போன் இல்லையா? அப்படியானால் அடுத்த போனஸிலே வாங்க வேண்டிய பொருள் எது என்பது தெரிந்துவிட்டது.

இன்னொன்று. ஒரு நாளிதழை ஒருவர் உரக்கப் படிக்க, டீக்கடையிலும் சலூனிலும் இருபது பேர் கேட்டு அரசியல் கற்ற தெருக்கள் நம்முடையவை. படிப்பகங்கள் இன்றும் பல ஊர்களிலே நிற்கின்றன. கேரம் பலகையும் பழைய படங்களுமாக. ஒரு கருவியைப் பலர் பகிரும் பழக்கம் நமக்குப் புதிதல்ல. ஆனால் அந்த டீக்கடையிலும் படிப்பகத்திலும் பெண்பிள்ளைக்கு இடமிருந்ததில்லை. ஒரு கணினி, ஓர் இணைய இணைப்பு, ஒரு நல்ல விளக்கு. மாலை ஐந்து முதல் ஏழு வரை பெண்பிள்ளைகளுக்கு மட்டும். செலவு பெரிதல்ல, ஒரு மாநாட்டுப் பந்தலின் ஒரு மூலைச் செலவு. கேரம் ஆடும் தோழர்கள் அந்த இரண்டு மணி நேரம் வீட்டுக்குப் போய் மாவு அரைக்கலாம். சாவி மட்டும் அவர்களிடம் வேண்டாம். இல்லம் தேடிக் கல்வி நடத்திய பெண் ஒருத்தி உங்கள் தெருவிலேயே இருப்பாள். கேட்டு, அவளிடம் கொடுங்கள்.